ரிஸ்கே சானுக்கு ஒரு நாற்காலி

மசுயோ அக்கா எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த இரண்டாம் நாளே வாடிக்கையாளர் ஒருவருக்கு இறால் அனுப்பிவைத்தார்.

நல்ல இறால். தனக்குத் தெரிந்த மீன்கடையில் சொல்லி, பெரிதாகப் பார்த்துப் பொறுக்கி, பனிக்கட்டியில் பொதிந்து, குளிர்வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். மறுநாள் காலையில் அந்த அரிசி முறுக்குக் கம்பெனியிலிருந்து எங்கள் பிரிவுத் தலைவர் குரமோச்சிக்குத் தொலைபேசி வந்தது.

"ரொம்ப நன்றிங்க. எங்க டைரக்டர் உஷியாமா வாயே திறக்காத மனுஷர். நேத்து இறால் தலையைக்கூட விட்டுவைக்கலை."

"இறாலா?" என்றார் குரமோச்சி.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மசுயோ அக்கா எழுந்து நின்று தெளிவான குரலில் சொன்னார்: "நீங்கதான் சார் சொன்னீங்க. பதில் போடறப்போ கூடவே எபியும் அனுப்புங்கன்னு."

எங்கள் ஊரில் எபி என்றால் இறால். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் குரமோச்சி சொன்ன எபி, எவிடென்ஸ் என்கிற ஆங்கிலச் சொல்லின் முன்பாதி. ஆதாரத்தை இணைத்து அனுப்பு என்று அவர் சொல்லியிருக்கிறார். பின்பாதியை வழக்கம்போல விழுங்கிவிட்டார்.

குரமோச்சி டோக்கியோவிலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வாயில் எந்த ஆங்கிலச் சொல்லும் முழுசாக உயிர் பிழைத்ததில்லை. சந்திப்புக்கு நேரம் வாங்கினால் அது 'அப்போ'. கூட்டத்தில் எழுந்து திட்டத்தை விளக்கினால் 'புரெசென்'. சட்டதிட்டங்களுக்கு உட்பட்டு நடக்க வேண்டும் என்றால் 'கொம்புரா'. எண்ணெயில் பொரித்த பலகாரம் மாதிரி இருக்கும் கேட்பதற்கு. அவரை மட்டும் குறை சொல்வானேன்? ஓசாகாவில், ஹொன்மாச்சியில், நாங்கள் இருந்த கட்டடம் முழுக்க எல்லாரும் அப்படித்தான் பேசினோம். லிஃப்டில் ஏறினால் நாலு மாடிக்குள் ஒரு கூடை வால் அறுந்த வார்த்தைகளைப் பொறுக்கிவிடலாம்.

மசுயோ ஹிராக்கிக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. அதுவரை அவர் ஓர் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டி வேலை. இளம்பெண்ணாகச் சேர்ந்து, சீருடையும் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக, ஓடுகிற பேருந்தில் பின்னோக்கி நின்றபடியே வாழ்க்கையின் பாதியைக் கழித்தவர். பாடுவார், கதை சொல்வார், குமட்டுகிறவர்களுக்குப் பை எடுத்துக் கொடுப்பார். கணவர் அதே கம்பெனியில் டிரைவர். அவர் ஒருநாள் வேறொரு பேருந்தின் வழிகாட்டியோடு போய்விட்டார். "வழி தெரியாத மனுஷனில்லை, அதனால நான் தேடலை" என்பார் மசுயோ அக்கா. அதற்கப்புறம் பேருந்துக் கம்பெனி நொடித்து ஆட்களைக் குறைத்தபோது இவரையும் வீட்டுக்கு அனுப்பியது. அதற்கும் எங்கள் ஊரில் ஒரு நறுக்கிய ஆங்கிலச் சொல் உண்டு: ரிஸ்தோரா. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவருக்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் கம்பெனி, மற்ற கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்புப் பொருள்களில் பெயர் அச்சடித்துத் தருவது. பேனா, நாட்காட்டி, புத்தாண்டுக்குத் துண்டு. தொலைபேசி எடுக்க, தேநீர் வைக்க, கூட்ட அறையைத் தயார்செய்ய ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் அவர் என் பக்கத்து மேசைக்கு வந்தார். என் பெயர் ஓரியே. வடிவமைப்பு என் வேலை. அவருடைய முதல் நாள் மதியமே என் உணவுப் பெட்டியைப் பார்த்து, "ஏம்மா, முட்டைக்கு இவ்வளவு சர்க்கரையா போடுவே?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா.

இறால் விவகாரத்தில் யாரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் அக்காவுக்கு உள்ளூர வெட்கம் பிடுங்கித் தின்றுவிட்டது. இனி ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் யாரையும் கேட்பதில்லை, கவனித்துத் தானே தெரிந்துகொள்வது என்று முடிவு செய்துவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது.

அடுத்த வாரம் அதே முறுக்குக் கம்பெனியிலிருந்து மறுபடி தொலைபேசி. அக்காதான் எடுத்தார். பேசியவர் அவசரத்தில் இருந்திருக்கிறார். "நாளைக்கு இருந்த கூட்டம்... வியாழக்கிழமை, ரிஸ்கே. மன்னிச்சுக்கோங்க." வைத்துவிட்டார்.

ரீஷெட்யூல் என்கிற சொல்லை எங்கள் ஆட்கள் கழுத்தைத் திருகி ரிஸ்கே ஆக்கிவைத்திருந்தார்கள். நாள் மாற்றியாயிற்று என்று பொருள். எங்களுக்கெல்லாம் அது தண்ணீர் குடிப்பது மாதிரி. ஆனால் மசுயோ அக்கா வயதுக்காரர்களுக்கு ரிஸ்கே என்றால் ஆண்பிள்ளைப் பெயர். கொஞ்சம் பழைய பெயர், தாத்தா பரம்பரைப் பெயர். ஆனால் சந்தேகமே இல்லாத பெயர்.

அக்கா குரமோச்சியிடம் போய் நின்றார். "சார், முறுக்குக் கம்பெனி. வியாழக்கிழமை ரிஸ்கேன்னு சொன்னாங்க."

குரமோச்சி தலையில் கைவைத்துக்கொண்டார். "மறுபடியும் ரிஸ்கேயா! அவங்களோட இதே ரோதனையாப் போச்சு."

"என்ன செய்யட்டும் சார்?"

"செய்றதுக்கு என்ன இருக்கு? சிரிச்ச முகத்தோட ஏத்துக்க வேண்டியதுதான்."

அக்கா புரிந்துகொண்டார். ரிஸ்கே சான் என்று (மரியாதைக்குப் பெயரோடு நாங்கள் சேர்ப்பது சான்) ஒருவர் இருக்கிறார், பெரிய ஆள், சிடுசிடுப்பானவர், ஆனால் சிரித்த முகத்தோடு வரவேற்றே ஆகவேண்டும்.

வியாழக்கிழமை வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விற்பனையில் ஷிமோஜி என்று ஒகினாவாக்காரன் ஒருவன் இருந்தான், வாய் ஓயாதவன். "ரிஸ்கேன்னாலே வயித்தைக் கலக்குது" என்று அவன் யாரிடமோ சொல்வது கேட்டது. இன்னொருத்தர், "போன மாசம் நாமளே ரிஸ்கே கேட்டோம், அதனால இப்ப ஒண்ணும் பேச முடியாது" என்றார். அடேயப்பா, இவர்களே கேட்டு வரவழைக்கிறார்களா! அக்கா மனசுக்குள் ரிஸ்கே சானுக்கு உருவம் வளர்ந்துகொண்டே போனது. பருத்த உடம்பு, வெள்ளை மீசை, இனிப்புக்கு மயங்குவார் என்று பின்னால் எங்களிடம் விவரம் சொன்னார்.

வியாழக்கிழமை வந்தது. கூட்ட அறையில் நாற்காலிகளைத் தயார் செய்தவர், சன்னலுக்கு எதிரே நல்ல இடத்தில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டார். அதன்முன் மூடி போட்ட தேநீர்க் கிண்ணம், செம்பயறு இனிப்பு வைத்த தட்டு. உஷியாமா டைரக்டர் தன் ஆட்களோடு வந்து உட்கார்ந்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று அவருடைய ஆட்களே சொல்வார்கள். குரமோச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"சரி, புரெசென் தொடங்கலாமா?"

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றார் வாசலில் நின்றிருந்த மசுயோ அக்கா. அவருடைய குரல் பேருந்தின் கடைசி இருக்கை வரை போய்ப் பழகிய குரல். அறையே திரும்பியது. "இன்னும் ஒருத்தர் வரலை."

"யாரு?"

"ரிஸ்கே சான்."

குரமோச்சி அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார், மூடி போட்ட தேநீரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். முதலில் சத்தம் வந்தது உஷியாமா டைரக்டரிடமிருந்து. கெட்டிலில் நீராவி கிளம்புகிற மாதிரி ஒரு சீறல். அடக்கப் பார்த்தார், தோள் குலுங்கியது, மேசையில் ஓங்கி அடித்தார்.

"ரிஸ்கே சான்! ஐயோ... அவருக்கு இனிப்பு வேற வெச்சிருக்காங்கய்யா!"

அதற்கப்புறம் யாரையும் கட்டுப்படுத்த முடியவில்லை. ஷிமோஜி நாற்காலியோடு சரிந்தான். குரமோச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டார். புரெசெனாவது ஒன்றாவது! உஷியாமா டைரக்டர் ரிஸ்கே சானின் இனிப்பைத் தானே எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, வேண்டிய பொருளை அங்கேயே முடிவுசெய்துவிட்டுப் போனார்.

நான் ஓடிப்போய்த் தேநீர் அறையில் பார்த்தேன். அக்கா சுவரைப் பார்த்து நின்றிருந்தார், தோள் ஆடிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று நினைத்துத் தொட்டேன். திரும்பினார். முகமெல்லாம் கண்ணீர்தான், ஆனால் சிரிப்பு.

"ஏம்மா ஓரியே! இத்தனை வருஷம் பஸ்ல ஒரு ஆளைக்கூட விட்டுட்டுக் கிளம்பினதில்லை நான். கழிப்பறையில தூங்கிப்போன தாத்தாவையெல்லாம் தேடிக் கண்டுபிடிச்சு ஏத்தியிருக்கேன். கடைசியில இல்லாத ஆளுக்காக வண்டியை நிறுத்திட்டேனே!"

"அவர் எப்படி இருப்பார்னு நினைச்சீங்க அக்கா?"

"வெள்ளை மீசை! சீப்பு வெச்சு வாரின மீசை!"

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

அன்றிலிருந்து ரிஸ்கே சான் எங்கள் அலுவலகத்து ஆள் ஆகிவிட்டார். எந்தக் கூட்டம் தள்ளிப்போனாலும், "ரிஸ்கே சான் வந்துட்டுப் போனார்" என்போம். ஷிமோஜி அழகான எழுத்தில் பெயர்ப் பலகை ஒன்று செய்து அந்த நாற்காலிமுன் வைத்தான். ரிஸ்கே என்கிற பெயரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உள்ள எங்கள் சித்திர எழுத்துகளில் எப்படி எழுதுவது என்று ஒரு மதியம் முழுக்கத் தர்க்கம் நடந்து, லாபத்தின் எழுத்தும் உதவியின் எழுத்தும் என்று தீர்மானமானது. மசுயோ அக்கா வெள்ளைக் கையுறை போட்ட மாதிரி கையை நீட்டி, "உங்கள் வலது பக்கம் நீங்கள் காண்பது ரிஸ்கே சான் அவர்களின் இருக்கை. இவர் பிறந்த ஊர் தெரியாது. வரும் நாள் தெரியாது. வந்தால் போகமாட்டார்" என்று பாட்டாகப் பாடுவார். முன்பெல்லாம் யாராவது நாள் மாற்றச் சொன்னால் எரிச்சலோடு தொலைபேசியை வைக்கிற நாங்கள், இப்போது சிரித்துக்கொண்டே வைத்தோம். குரமோச்சி மட்டும் கொஞ்ச நாள் விறைப்பாக இருந்தார். பிறகு ஒருநாள் அந்தப் பக்கமாகப் போனவர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் காலி நாற்காலிக்குத் தலைவணங்கிவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

இலையுதிர்காலத்தில் புத்தாண்டுத் துண்டுகளுக்காக இசுமிசானோவில் புதிதாக ஓர் ஆலையைப் பிடித்தோம். மிசோபுச்சி துண்டு ஆலை. ஆலையின் பெரியவர் நேரில் வந்து மாதிரிகளைக் காட்டுவதாக ஏற்பாடு. அன்று காலை ஷிமோஜிதான் தொலைபேசி எடுத்தான். நெசவுப் பொறிகளின் இரைச்சலுக்கு நடுவில் பெரியவர் கத்தியிருக்கிறார்: "இன்னைக்கு ரெண்டு மணிக்கு... ரிஸ்கே!"

"ஆகட்டுங்க, ஆகட்டும்" என்று வைத்த ஷிமோஜி கூவினான். "ரெண்டு மணிக் கூட்டம், ரிஸ்கே சான் வந்துட்டார்!"

எல்லாரும் மகிழ்ச்சியாகத் தங்கள் வழியில் கிளம்பினார்கள். குரமோச்சி கோபேயில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போனார். ஷிமோஜி சாப்பிடப் போனவன் திரும்பவில்லை. நானும் மசுயோ அக்காவும்தான் இருந்தோம்.

இரண்டு மணிக்கு லிஃப்ட் திறந்தது. முதலில் வந்தது ஒரு துணி மூட்டை. அதன் பின்னாலிருந்து ஒரு மனிதர் எட்டிப்பார்த்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, நெட்டை, மீசையெல்லாம் இல்லை. கோட்டின் தோளில் பஞ்சுத் துகள்.

"மிசோபுச்சி ஆலையிலேருந்து வர்றேனுங்க. நான் ரிஸ்கே."

மசுயோ அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "ஷிமோஜி அனுப்பினானா உங்களை?"

"யாருங்க?"

"நல்லா நடிக்கிறீங்க. மூட்டை வேற! எந்தக் கடையில வாடகைக்கு எடுத்தான்?"

அந்த மனிதர் மூட்டையைக் கீழே வைத்தார். நீளமாகப் பெருமூச்சுவிட்டார். கோபமில்லை, பழகிப்போன களைப்புதான். "கூட்டம் கலைஞ்சிடுச்சுங்களா? சரிதான். என் பேரைச் சொன்னாலே கலைஞ்சிடுது" என்று சொல்லிப் பெயர் அட்டையை இரு கையாலும் நீட்டினார்.

அக்கா வாங்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மிசோபுச்சி ரிஸ்கே. லாபத்தின் எழுத்து, உதவியின் எழுத்து.

அக்காவின் முகம் வெளுத்தது, சிவந்தது. பிறகு சீருடைக்காலத்தில் செய்வது போல இடுப்புவரை குனிந்து வணங்கினார். "மன்னிக்கணும். வாங்க, உங்க இடத்துக்கு வாங்க" என்று கூட்ட அறைக்கு அழைத்துப்போனார்.

சன்னலுக்கு எதிரே நாற்காலி. அதன்முன் அவருடைய பெயர், அவருடைய எழுத்துகளிலேயே. பக்கத்தில் மூடி போட்ட தேநீர்க் கிண்ணம்.

அந்த மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இது... எனக்கா?"

"ஆமாங்க" என்றார் மசுயோ அக்கா. "வசந்தகாலத்திலேருந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

அவர் உட்கார்ந்தார். பெயர்ப் பலகையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் அவர் கதை வெளியே வந்தது. ஆலையில் அப்பா, சித்தப்பா, அண்ணன், இவர் என்று எல்லாரும் மிசோபுச்சிகள். குடும்பப் பெயரைச் சொன்னால் நாலு தலை திரும்பும். அதனால் வெளியாட்களிடமும் சொந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். சின்ன வயதில் அதில் ஒரு தொல்லையும் இல்லை. ஊரில் எல்லாரும் இந்த நறுக்கிய பாஷை பேசத் தொடங்கிய பிறகுதான் சனி பிடித்தது.

"பேங்க்ல போய் 'ரிஸ்கே'ங்கிறேன், 'சரி, அடுத்த வாரம் வாங்க'ங்கிறான். பல்லு வலிக்குதுன்னு போன் பண்ணி 'ரிஸ்கே'ங்கிறேன், என் நேரத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

"ஐயய்யோ!"

"இதைக் கேளுங்க. பொண்ணு பார்க்க ஏற்பாடு பண்ணினாங்க. எங்கப்பா தரகர் ஆபீஸுக்குப் போன் பண்ணி, 'மூணு மணிக்கு ஹோட்டல்ல ரிஸ்கே'ன்னாரு. நான் கோட்டுப் போட்டுக்கிட்டுப் போய் உக்காந்தா, அந்தம்மா வீட்டுக்குப் போய்ட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் எங்க? வேற ஆளைக் கட்டிக்கிட்டாங்க. அவன் பேரு கோஜி. அதைச் சொன்னா எந்தக் கூட்டமும் கலையாது."

நான் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். மசுயோ அக்கா அதெல்லாம் பார்க்கவில்லை. கைகொட்டிச் சிரித்தார். அவர் சிரிப்பைப் பார்த்து அந்த மனிதரும் சிரிக்கத் தொடங்கினார். தன் பெயரைத் தானே இதற்குமுன் ஒருதடவைகூட வேடிக்கையாகப் பார்த்திருக்கமாட்டார் போலிருந்தது. சிரிப்பின் நடுவில் தேநீர் புரையேறி, தான் கொண்டுவந்த மாதிரித் துண்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா குரமோச்சிக்குத் தொலைபேசி செய்தார். நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"சார், ரிஸ்கே சான் வந்திருக்கார்."

"அப்படியா? எந்தக் கூட்டம்?"

"கூட்டமில்லை சார். நிஜமா வந்திருக்கார்."

"சரி, அடுத்த வாரம் போட்டுடுங்க."

"போட முடியாது சார், உக்காந்திருக்கார்! டீ குடிச்சுக்கிட்டிருக்கார்! மூட்டை கொண்டுவந்திருக்கார்!"

"ஹிராக்கி சான், உடம்பு சரியில்லைன்னா இன்னைக்கு வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க" என்றார் குரமோச்சி பரிவாக.

துண்டுகள் அருமையாக இருந்தன. அந்த வருஷப் புத்தாண்டுத் துண்டெல்லாம் மிசோபுச்சி ஆலையில்தான். பேச வேண்டிய விஷயம் தொலைபேசியில் முடிந்துவிடும் என்றாலும் ரிஸ்கே சான் நேரில் வந்தார். நூலின் கனத்தைக் காட்ட ஒருநாள், சாயம் போகாது என்று காட்ட ஒருநாள். கடைசியில் காட்ட ஒன்றும் இல்லாமல் தங்கள் ஊர்க் கத்தரிக்காய் ஊறுகாயோடு வந்து நின்றார். நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஷிமோஜிகூட வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு அது பெரிய தவம்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் இரண்டு பேரும் வக்காயாமாவுக்கு ப்ளம் பூ பார்க்கப் போவதாக முடிவு செய்தார்கள். முதல் நாள் பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. மதியம் அக்காவின் கைப்பேசி அடித்தது. எல்லாரும் வேலை செய்கிற பாவனையில் காதை மட்டும் திருப்பிவைத்தோம். அக்கா ஒலிபெருக்கியை அழுத்திவிட்டது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"மசுயோ சான், நாளைக்குப் போறது... மழையா இருக்கு. அதனால வந்து... எப்படிச் சொல்றது..."

"சொல்லுங்க."

"என் பேரை நானே சொல்லவேண்டியிருக்கு."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நீங்க வர்றீங்களா இல்லையா? அதைச் சொல்லுங்க."

"நான் வர்றேன். பூதான் நனைஞ்சிடும்."

"எனக்குப் பூ முக்கியமில்லை" என்றார் மசுயோ அக்கா.

குரமோச்சி திடீரென்று எழுந்து ஜெராக்ஸ் இயந்திரத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார். வெகுநேரம் வரவேயில்லை.

அவர்கள் மழையிலேயே போனார்கள். ஒரு குடை, நனைந்த பூ, பேருந்து நிறுத்தத்தில் சூடான நூடுல்ஸ். அங்கே ரிஸ்கே சான் கேட்டாராம்: "எங்க வீட்டுல நாலு மிசோபுச்சி இருக்கோம். இன்னொருத்தர் சேர்ந்தா பாதகமில்லை. உங்களுக்கு எப்படி?" அக்கா கிண்ணத்தை வைத்துவிட்டு, "முதல்ல நூடுல்ஸ் முடிப்போம், ஆறிடும்" என்று சொன்னாராம். முடித்தபிறகு, "சரி" என்றாராம். அதற்குமேல் விவரம் கறக்க எவ்வளவோ முயன்றேன், நடக்கவில்லை.

கல்யாணம் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இசுமிசானோ கடற்கரையில் ஒரு சின்ன உணவகத்தில். ஒரு வாரம் முன்னால் எல்லாருக்கும் நினைவூட்டுகிற வேலையை ஷிமோஜி தானாக ஏற்றுக்கொண்டான். அலுவலகத்துக்கும் முறுக்குக் கம்பெனிக்கும் சேர்த்து ஒரே செய்தி: "ஞாயிறு, மசுயோ அக்கா, ரிஸ்கே, கல்யாணம். மறக்காதீங்க!" ரிஸ்கேயை லாபத்தின் எழுத்தில் எழுதவில்லை. அவசரத்தில், வெளிநாட்டுச் சொல்லுக்குப் போடுகிற எழுத்தில் தட்டிவிட்டான்.

நான் அக்காவுக்குக் கிமோனோ உடுத்தக் காலையிலேயே போய்விட்டேன். பதினொரு மணிக்குக் கூடத்தை எட்டிப் பார்த்தால், மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வந்திருக்கிறார்கள். அக்காவின் பழைய பேருந்துத் தோழிகள் ஒருத்தர் விடாமல் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் நறுக்குப் பாஷை தெரியாது. எங்கள் அலுவலகத்து மேசையில் ஷிமோஜி ஒருத்தன்தான். வாழ்த்துரை சொல்ல வேண்டிய குரமோச்சியைக் காணோம்.

நான் போன் போட்டேன். "சார், எங்க இருக்கீங்க?"

"வீட்ல. தலைக்குச் சாயம் போட்டுக்கிட்டிருக்கேன். ஏன்?"

"கல்யாணம் சார்!"

"அதான் ரிஸ்கே ஆயிடுச்சே?"

"ரிஸ்கேதான் சார் மாப்பிள்ளை!"

ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. "வர்றேன்! யாரும் தொடங்காதீங்க! வர்றேன்!"

ஷிமோஜி தரையில் நெற்றி படக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். மாப்பிள்ளை அவனைத் தூக்கி நிறுத்தினார். "விடுப்பா. என் பேருக்கு இதெல்லாம் சகஜம். இந்தத் தடவை பொண்ணு வீட்டுக்குப் போகலை பாரு, அது போதும்."

மணப்பெண் தலையலங்காரத்தோடு எழுந்து நின்றார். "வண்டி கொஞ்சம் தாமதம். அதுவரைக்கும் நம்ம பொண்ணுங்க பாடுவாங்க." பேருந்துத் தோழிகள் அதற்காகவே காத்திருந்த மாதிரி எழுந்தார்கள். மலைப்பாட்டு, கடல்பாட்டு, சுரங்கப்பாதைக்குள் போகும்போது பாடுகிற பாட்டு. மிசோபுச்சிகள் கைதட்டித் தாளம் போட்டார்கள். சித்தப்பா ஆடவே தொடங்கிவிட்டார். சமையற்காரர்கள் கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தார்கள். பொரித்த மீனும் பிஞ்சுக் கத்தரிக்காய் ஊறுகாயும் பீரும் தீரத் தீர வந்துகொண்டிருந்தன. ஷிமோஜி எல்லாருக்கும் போன் போட்டதில் உஷியாமா டைரக்டர் ஓடி வந்து சேர்ந்தபோது வாசலிலேயே ஒரு தோழி அவர் கையைப் பிடித்து ஆட்டத்தில் இழுத்துக்கொண்டாள். அவர் சிரித்தபடியே சுற்றினார்.

குரமோச்சி வந்தார். கறுப்புக் கோட்டு, வெள்ளை டை, காலில் ஓட்டப்பந்தய ஷூ. தலையில் இடது பாதி கறுப்பு, வலது பாதி நரை. மூச்சு வாங்கியபடி ஒலிவாங்கியைப் பிடித்தார். எழுதிக் கொண்டுவந்ததை அவசரத்தில் மறந்துவிட்டிருந்தார். வாய்க்கு வந்ததைப் பேசினார். அவர் வாய்க்கு வருவது வேறென்ன? இல்லறம் ஒரு கொலாபோ என்றார், கூட்டுமுயற்சியாம். கருத்து வேறுபாடு வந்தால் உடனே சொல்லி கொன்சென், அதாவது ஒருமித்த முடிவு, எடுக்க வேண்டும் என்றார். கொம்புரா காக்க வேண்டும் என்றார். "ஹிராக்கி சான், நீங்க வந்ததுக்கப்புறம் எங்க மோச்சிவே..." என்று தொடங்கியவர் முடிக்கமுடியாமல் அழுதுவிட்டார். மோச்சிவே என்றால் வேலைசெய்கிற ஊக்கம். சாயம் கன்னத்தில் கறுப்புக் கோடாக வழிந்தது. மசுயோ அக்கா எழுந்துபோய் மிசோபுச்சி ஆலைத் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

என் பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டியவர், பொறி இரைச்சலில் பாதிக் காது போனவர். என் பக்கம் சாய்ந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு உரக்கக் கேட்டார்:

"ஏம்மா, அந்தத் தம்பி என்ன சொல்றான்?"

"ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கணும்னு சொல்றாருங்க, தாத்தா."

"அதுக்கா இவ்வளவு நேரம்?" என்றவர் தடியை ஊன்றி எழுந்தார். "உக்காரச் சொல்லு அவனை. மீன் ஆறுது."